அல்லிக்குளத்து முதலை

சிதம்பரம்
22.6.2025

அன்புள்ள அஜய் மச்சானுக்கு,

உன் அத்தை மகன் பூவரசன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கொசுக்கள் மிக மிகச் சுகம். அங்கே நீயும், உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கும் வார்டன் லூர்துசாமி சாரும் சுகம்தானே? சார், வணக்கம். திரும்ப ஒட்டும்போது பசையைப் பார்த்துப் போடுங்கள். போன தடவை கடிதத்தில் பாதி உறையோடு போய்விட்டது.

உன் போனைப் பிடுங்கிக்கொண்டு கடலூர் ஹாஸ்டலில் போட்டதற்கு உன் அப்பா, அதாவது நடனசபாபதி மாமா, ஊர் முழுக்கச் சொல்லும் காரணம்: "ஞாயித்துக்கெழம ஆனா கொளத்துல கெடக்கறான். மார்க்கும் அங்கயே கெடக்குது." பஸ் ஏறும்போது நீ என் கையைப் பிடித்து, "கொளத்த விட்றாதடா" என்றாய். நானும் ஏதோ வேகத்தில் "சரி" என்றுவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு இப்போது அனுபவிக்கிறேன்.

போன வருஷம் பாதிக் குளத்தை வெங்காயத்தாமரைக் களையிடமிருந்து நீ பிடுங்கினாய். அதில் பாதியை அது திரும்பப் பிடுங்கிவிட்டது. இதற்குப் பெயர் வைத்த மனிதனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வெங்காயமும் இல்லை, தாமரையும் இல்லை. கண்ணீர் மட்டும் வருகிறது. குளத்துக்குப் பெயர் வைத்தவனும் அவனுக்குச் சொந்தக்காரனாகத்தான் இருப்பான். அல்லிக்குளமாம். அல்லியை எங்கே என்று கேள்.

ஊர் வாட்ஸப் குரூப்பில் "தன்னார்வலர்கள் தேவை" என்று போட்டேன். குரூப்பே கட்டைவிரல் காட்டியது. ஞாயிறு வந்தது, ஞாயிறு மட்டும்தான் வந்தது. அப்புறம் நான், எதிர்வீட்டு எழிலரசி, ஒரு நாய். நாயும் பாதியில் கிளம்பிவிட்டது. தன்னார்வலர் என்றால் ஆர்வத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறவர் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மாமாவிடம் போய், "ஜேசிபிய ஒரே ஒரு நாளு விடுங்க மாமா" என்றேன். "டீசல உங்க வெங்காயத்தாமர ஊத்துமா?" என்றார். மகனையும் மருமகனையும் ஒரே மாதிரி விரட்டுகிற நியாயஸ்தர்.

முழங்காலுக்குக் கீழே சேறாகிய,
பூவரசன்

*

கடலூர்
1.7.2025

அன்புள்ள பூவரசு,

நலம். எல்லோரையும் கேட்டதாகச் சொல். வார்டன் சார் உன்னைப் பசை வாங்கி அனுப்பச் சொன்னார்.

விடியலில் எழுப்பிவிடுகிறார்கள். சாப்பாடு பரவாயில்லை. மூன்றாவது மாடி ஜன்னலில் நின்றால் சிதம்பரம் பஸ் போவது தெரியும். சும்மா சொன்னேன்.

வேரோடு எடு. பிடுங்கியதைக் கரையில் குவிக்காதே. ஒரு மழை போதும், அத்தனையும் திரும்ப உள்ளே போய்விடும். மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டு.

அப்பா ஏதாவது கேட்டாரா?

அன்புடன்,
அஜய்

*

சிதம்பரம்
21.7.2025

அன்புள்ள மச்சானுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் போய்விட்டது. நீ நலமா? சார், உங்களுக்குச் சளி என்று கேள்விப்பட்டேன். உறையில் ஒட்டியிருந்தது பசைதானே?

மாமா தினமும், "லெட்டர் வந்துச்சா?" என்பார். வந்தது என்றால் "ம்" என்பார். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்கமாட்டார். அந்த "ம்"முக்கு எத்தனை மார்க் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் பெரிய மொத்தை ஒன்றைப் பிடித்து இழுத்தேன். அது என்னை இழுத்தது. தலைகீழாகப் போனேன். என்னைத் தூக்க வேண்டிய எழிலரசி போனைத் தூக்கிப் படம் பிடித்து, "குளத்தை மீட்கப் போனவனை மீட்கவும்" என்று எழுதிப் போட்டுவிட்டாள். தமிழ்நாடே சிரித்தது. நேற்று இரண்டு வேன் நிறையத் தன்னார்வலர்கள் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் பச்சை டீ-ஷர்ட். பேனர் கட்டவே ஒரு மணி நேரம். ஆனால் பொய் சொல்லக்கூடாது, இறங்கினார்கள் என்றால் பேய் மாதிரி வேலை. நான் ஒரு மாதமாகப் பிடுங்கியதைவிட ஒரே நாளில் ஜாஸ்தி. தெற்குப் படித்துறை மூலை மட்டும்தான் பாக்கி.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிற்றெரிச்சல்தான் வந்தது. ஒருத்தன் என்னைப் பார்த்து, "நீதான அந்த விழுந்த பையன்? இன்னொரு வாட்டி விழேன், ரீல்ஸ் எடுக்கணும்" என்றான்.

விழாமல் நின்றுகொண்டிருக்கும்,
பூவரசன்

*

கடலூர்
28.7.2025

அன்புள்ள பூவரசு,

நலம். உன் கடிதத்தை ராத்திரி சாப்பாட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். வார்டன் சார் சிரிக்காத மாதிரி இருந்தார்.

சனிக்கிழமை தேர்வு தொடங்குகிறது. முடிகிறவரை யாருக்குக் கடிதம் வந்தாலும் பிரிக்காமல் டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். பதில் இல்லை என்று கோபித்துக்கொள்ளாதே.

ஒரு விஷயம் இருக்கிறது. இப்போது சொல்லமாட்டேன்.

அஜய்

*

சிதம்பரம்
4.8.2025

அன்புள்ள மச்சானுக்கு,

டிராயருக்குள் போகும் கடிதம் என்று தெரிந்தே எழுதுகிறேன். டிராயரே, நலமா?

நேற்று வேன்காரர்கள் வருவதற்கு முன்பே தெற்கு மூலையில் இறங்கினேன். இலைமேல் ஒரு பறவை ஓடியது, மச்சான். முதுகு வெண்கலச் செம்பு மாதிரி, கால்விரல் ஒவ்வொன்றும் என் விரல் நீளம். நீ போன வருஷம் தூரத்தில் காட்டினாயே, அதே இலைக்கோழி. அது எழுந்த இடத்தில், தழை மேட்டில் நாலு முட்டை. வார்னிஷ் அடித்த மாதிரி பளபளப்பு. மேலே கறுப்பில் கிறுக்கல், உன் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு மாதிரியே.

எழிலரசி போனில் தேடிப் பார்த்தாள். அம்மா முட்டை போட்டுவிட்டுப் போய்விடுமாம். அடைகாப்பது, வளர்ப்பது எல்லாம் அப்பா. பொரிக்க நாலு வாரம் ஆகுமாம். கூடு மிதக்கிறது. சுற்றிலும் தழையை இழுத்தால் முட்டைகள் தண்ணீருக்குள்.

"ஐயா வாருங்கள், அம்மா வாருங்கள்" என்று கெஞ்சியவன், இப்போது "தயவுசெய்து வராதீர்கள்" என்று கெஞ்சுகிறேன். கேட்டால்தானே? நேற்று மேற்குக் கரையில் மறுபடி தலைகாட்டிய தழையைக் காட்டி எப்படியோ பொழுதைத் தள்ளிவிட்டேன். கூட்டைப் பற்றி அவர்கள் தலைவரிடம் சொன்னதற்கு, "ஏன் தம்பி, அதுக்கு மரத்துல கட்டத் தெரியாதா?" என்றார். பக்கத்தில் இருந்த அக்கா, "முட்டைங்களோட ஒரு செல்ஃபி எடுத்துக்கறோம்" என்றார். அடுத்த ஞாயிறு நிறைவு விழாவாம், பேனரில் தேதி அடித்தாகிவிட்டதாம். மனிதர்களோடு சண்டை போடலாம். பேனரோடு எப்படிப் போடுவது?

நீ இருந்தால் என்ன செய்வாய் என்று யோசிக்கிறேன். நீ இருந்தால் பொறுமையாகப் பேசுவாய். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

பூவரசன்

*

சிதம்பரம்
11.8.2025

அன்புள்ள மச்சானுக்கும் டிராயருக்கும்,

நலம், நலம், நாலு முட்டையும் நலம்.

முதல் போடாமல் ஒரு முதலை செய்தேன்.

வாழைத்தண்டு ஒன்று. அதன் முதுகில் கருக்கு மேலே தெரிகிற மாதிரி இரண்டு பனை மட்டை. பல்லுப் பல்லாக இருக்குமே, அசல் முதலை முதுகு. கண்ணுக்கு இரண்டு புன்னைக்காய். மேலே சேறு. நைலான் கயிற்றைக் கட்டிப் படித்துறைக்குப் பின்னாலிருந்து இழுத்தால் மெல்ல நகரும். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தால் முதலை குளத்துக்கு வருவது நம் பக்கத்தில் என்ன புதுசா? யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

சனிக்கிழமை காலை விருத்தாம்பாள் பாட்டி எருமையோடு வந்தது. ஒரே ஒரு இழுப்புத்தான் இழுத்தேன். எருமை நின்றது; பாட்டி ஓடியது. மத்தியானத்துக்குள் முதலை பத்து அடி வளர்ந்து, எருமையை முறைத்து, வாயைத் திறந்து கொட்டாவி விட்டிருந்தது. நேற்று வேன்காரர்கள் பஸ் நிறுத்தத்திலேயே திரும்பிவிட்டார்கள், பேனரையும் போட்டுவிட்டு. வனத்துறை ஆட்கள் வந்து பார்த்து, யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாலு முட்டைக்கு ஒரு முதலை காவல். சாயங்காலம் அந்த அப்பாப் பறவை முதலை முதுகிலேயே ஏறி நின்று இறகு கோதியது. என் வாழ்க்கையில் நான் செய்த குறும்புகளிலேயே உருப்படியானது இதுதான். நீ பார்க்கவில்லையே என்றுதான் எரிச்சலாக இருக்கிறது.

முதலை முதலாளி,
பூவரசன்

*

கடலூர்
13.8.2025

அன்புள்ள பூவரசு,

நலம். நீயும் அத்தையும் நலமா? தேர்வு முடிந்தது. வகுப்பில் முதல் மார்க். நானேதான், சிரிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா, "என்னடா வேணும், பைக்கா?" என்றார். ஜேசிபி வேண்டும் என்றேன். அல்லிக்குளத்துக்கு ஒரு நாள். டீசல் எவ்வளவு ஆகும் என்று அவரே கணக்குப் போட்டார். அப்புறம், "சரி, அனுப்பறேன்" என்றார். இதுதான் அந்த விஷயம். இந்த மூன்று மாதமும் இதற்காகத்தான் படித்தேன்.

வரும் ஞாயிறு, 17ஆம் தேதி. மிச்சம் இருக்கும் மூலையை ஒரே மூச்சில் வாரிவிடும். நீ கரையில் ஹாயாக நில்.

மறுதேர்வு எழுதுகிறவர்கள் முடிக்கும்வரை டிராயர் திறக்காதாம். உன் கடிதங்கள் உள்ளே இருக்கின்றன என்று தெரியும். உறையின் ஓரம் தெரிகிறது.

அன்புடன்,
அஜய்

*

கடலூர்
18.8.2025

பூவரசன்,

அப்பா நேற்று போன் செய்தார். ஊரே பார்க்க நீ தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு வண்டியைத் திருப்பி அனுப்பினாயாம். "நீ கேட்டியேன்னு அனுப்புனேன். உன் மச்சான் என் மூஞ்சில சேத்த அடிச்சிட்டான். இனிமே கொளம் கிளம்னு எங்கிட்ட பேசாத" என்றார்.

அப்பாவிடம் நான் கேட்டதே வாழ்க்கையில் ஒரு முறைதான். அவர் கொடுத்ததும் ஒரு முறைதான்.

உனக்கு எல்லாமே விளையாட்டு. இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்கு நான் எழுதியதில்லை. இனியும் எழுதப்போவதில்லை.

பதில் போடாதே.

அஜய்

*

சிதம்பரம்
21.8.2025

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் போடாதே என்றாய். இது பதில் இல்லை. டிராயருக்குள் இருக்கும் இரண்டு கடிதங்களின் மிச்சம். முதலில் அவற்றைப் படித்துவிட்டு வா. சார், கைகூப்பிக் கேட்கிறேன், டிராயரைத் திறங்கள்.

படித்தாயா? இப்போது கேள்.

நீ ஜேசிபி பற்றி எழுதிய கடிதம் சனிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வந்தது. ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். பெற்றோர் மட்டும்தான் பேசலாம் என்று வைத்துவிட்டார்கள். மாமாவிடம் ஓடினேன். கூடு, முட்டை, நாலு வாரம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் வண்டிக்கு கிரீஸ் அடித்துக்கொண்டே, "எம் புள்ள வாயத் தொறந்து கேட்டிருக்கான்டா. போடா அந்தாண்ட" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை, மச்சான்.

ஞாயிறு காலை குளக்கரையில் திருவிழாக் கூட்டம். என் முதலையைப் பார்க்க வந்தவர்கள். "தழைய மொத்தமா வாரிப் போடு சபாபதி, உள்ளதான் பதுங்கி இருக்கும்" என்று ஆளாளுக்கு ஏவல். காவலுக்கு வைத்த முதலையே ஜேசிபிக்குக் கை காட்டி வழி சொல்கிறது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

"முதல இல்ல, நான்தான் செஞ்சேன்!" என்று கத்தினேன். "பயத்துல ஒளர்றான்" என்றார்கள். கயிற்றை இழுத்து, பனை மட்டையையும் வாழைத்தண்டையும் கரையில் போட்டுக் காட்டினேன். விருத்தாம்பாள் பாட்டி குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறது: "இது பன மட்டைடா. நான் பாத்தது கண்ண சிமிட்டிச்சு." கூட்டமும் தலையை ஆட்டுகிறது! பொய் சொன்னபோது ஒரே இழுப்பில் நம்பிய ஊர், உண்மையைச் சொன்னால் சாட்சி கேட்கிறது.

வண்டியின் கை அந்த மூலைப் பக்கம் திரும்பியது. பறவை எழுந்து தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. வேறு வழி தெரியவில்லை. இறங்கிவிட்டேன். கூட்டைத் தொடாமல், அதற்கும் வண்டிக்கும் நடுவில், கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தேன். முதலை இருந்தால் என்னைத்தானே முதலில் தின்னும்? எழிலரசி மட்டும் படம் எடுக்கவில்லை. அழுதாள்.

மாமா கரையில் நின்று என்னைத் திட்டாத திட்டில்லை. ஆபரேட்டர் இன்ஜினை நிறுத்திவிட்டார். யாரோ சிரித்தார்கள். "மவன் கேட்டான்னு கொண்டாந்தாரு, மருமவன் தொரத்திட்டான்." அதைக் கேட்டதும் மாமா திட்டுவதை நிறுத்திவிட்டார். வண்டியில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நான் விளையாடவில்லை, மச்சான். நீ வாங்கிய மார்க்கின்மேல் நான் உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்தேன். நீயாக இருந்தாலும் உட்கார்ந்திருப்பாய்.

பூவரசன்

*

கடலூர்
25.8.2025

அன்புள்ள தம்பி பூவரசனுக்கு,

விடுதிக் காப்பாளர் லூர்துசாமி எழுதுவது. வீட்டில் அனைவரும் நலம் என நம்புகிறேன். என் சளி குணமாகிவிட்டது.

இருபது வருடமாக இங்கு வரும் எல்லாக் கடிதங்களையும் படித்து வருகிறேன். படிக்க வேண்டிய இரண்டைப் படிக்காமல் பூட்டிவைத்தேன். நீங்கள் போன் செய்தபோது எடுத்து வைத்ததும் நான்தான். விதி அப்படி. விதியை எழுதியதும் நான்தான்.

நேற்று மூன்றையும் ஒன்றாக அஜயிடம் கொடுத்தேன். இரவு சாப்பிட வரவில்லை. மாடி ஜன்னலில் நின்றிருந்தான். அவன் அங்கே நிற்பது புதிதல்ல. இதுவரை ஏன் என்று நான் கேட்டதில்லை.

பதிலை அவனே எழுதட்டும். பொறுத்திருங்கள். முட்டைகள் பற்றிய தகவலை மட்டும் எனக்கும் தெரிவிக்கவும்.

லூர்துசாமி

*

கடலூர்
15.9.2025

அன்புள்ள பூவரசு,

நலமா? காதுக்குள் சேறு போயிருந்தால் எண்ணெய் விடாதே, டாக்டரிடம் காட்டு.

நிறைய எழுதிக் கிழித்தேன்.

முட்டை என்ன ஆச்சு?

அஜய்

*

சிதம்பரம்
28.9.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீ நலமா என்று சும்மா கேட்கவில்லை இந்த முறை. நிஜமாகவே கேட்கிறேன். ஜன்னல் வழியாக எந்த பஸ் தெரிகிறது என்று எழுதினால்கூடப் போதும்.

மூன்று பொரித்தன. ஒன்று பொரிக்கவில்லை. அன்றைக்கு வண்டி அடித்த அலையில் நனைந்ததோ என்னவோ. இந்தச் செய்தியை வாய்க்குள் வைத்துக்கொண்டு உன் கடிதம் வரும்வரை காத்திருந்தேன் பார், அதுதான் நான் செய்ததிலேயே கஷ்டமான தன்னார்வப் பணி.

பொரித்த மறுநாள் மழை. படித்துறையில் நின்று பார்த்தேன். அந்த அப்பாப் பறவை குந்தி, இறக்கையை லேசாகத் தூக்கியது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. மூன்றையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து இலைமேல் நடந்தது. குஞ்சுகளின் கால்கள் மட்டும் வெளியே தொங்கின. பக்கத்தில் பார்த்தால், டீ கப்போடு மாமா. எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"என்னடா இது, இதுக்கு இத்தினி காலு?"

"புள்ளைங்கள கக்கத்துல வச்சிருக்கு மாமா. அப்பாப் பறவை. ஹாஸ்டல்ல சேக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லல போல."

சொல்லிவிட்டுக் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அடி விழவில்லை. டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போய்விட்டார். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி கெட்ட செய்தி. விட்டுவைத்த அந்த ஒரு மூலையிலிருந்து வெங்காயத்தாமரை பாதிக் குளத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் போகாமல் நானும் எழிலரசியும் மூங்கிலை மிதக்கவிட்டுக் கட்டி அணை போட்டோம். இரண்டே நாளில் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் பூத்துவிட்டது. பச்சை டீ-ஷர்ட்காரர்கள் வேறு குளம் பிடித்துவிட்டார்கள். ஊரில் இப்போது இதற்கு முதலைக்குளம் என்றே பெயர். இருந்த அல்லியும் போயிற்று. பாட்டி இன்னும் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறது. நீ விட்டுப்போன இடத்துக்கே வந்து நிற்கிறேன். சில நாள் கரையில் உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி அந்தச் செடியைத் திட்டுகிறேன். அது பூக்கிறது.

இன்றைக்கு ஞாயிறு. நான், எழிலரசி, மூன்றாவதாக ஒருத்தர். நாய் இல்லை. யார் என்று எழுதமாட்டேன். வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். இறங்கியதும் வழுக்கினார். வேரோடு எடுக்க வேண்டும் என்றால், "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று இலையை மட்டும் கிழித்தார். கரையில் குவித்தார், நான் மேட்டுக்குச் சுமந்தேன். தொப்பையை வைத்துக்கொண்டு குனியமுடியவில்லை, ஆனால் அந்த மூலைப் பக்கம் மட்டும் போகவில்லை, எங்களையும் போகவிடவில்லை. "வண்டிய எடுத்தாந்தா அரை நாளுல முடிஞ்சிரும்" என்று எழிலரசி சீண்டினாள். "வண்டி வந்தா குஞ்சுங்க மெரளும், பேசாம புடுங்கு" என்றார். கிளம்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம், "அவனுக்கு எழுதிறாதடா" என்றார்.

அதனால் எழுதவில்லை. சார், நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

தீபாவளிக்கு விடுவார்களா? பழைய லுங்கி இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்,
பூவரசன்

(கடிதத்தின் அடியில், பென்சிலில்)

அஜய், படித்துவிட்டேன். நான் எதுவும் சொல்லவில்லை. தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். வரும் சனிக்கிழமை சிதம்பரம் பஸ்ஸில் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வா. அந்த மூன்றாவது ஆளுக்கு வேரோடு பிடுங்கத் தெரியவில்லை. – லூ.